அன்புவின் விரல்களும் பேட்டைக்காரனின் பொய்யும்

கெடா மாநிலத்து எங்கள் கோலா கெத்தில் ஊர்ப் பையன்கள் ‘வட சென்னை’யை ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்த சங்கதி. கத்திக்காக, அன்புவாக வரும் தனுஷின் முறைப்புக்காக, கடைசியில் ஊருக்காக அவன் எழுந்து நிற்கும் அந்த நிமிடத்துக்காக. விளையாட்டுப் பக்கத்தில் எழுதுகிறவன் என்பதால் என் கண் கேரம் பலகையில் போய் நிற்கிறது. 2018இல் வெற்றிமாறன் எடுத்த இந்தப் படம் எனக்கு ஒரு நல்ல கேரம் ஆட்டக்காரன் வீணாய்ப்போன கதை. அந்தக் கண்ணோடு பார்த்தால் கைதட்டத் தோன்றாது.

அன்பு ரவுடியாக வேண்டும் என்று புறப்பட்டவன் அல்ல. கேரம் ஆடி, அதைக் காட்டி ஒரு வேலை வாங்கி, கல்யாணம் குடும்பம் என்று இருந்துவிட நினைத்தவன். கேரம் முரட்டுக் கைக்கு வசப்படாத ஆட்டம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் சிவப்பு மறுபடி நடுவுக்கே வந்துவிடும். அதனால் தேர்ந்தவன் சிவப்பைக் குறி பார்க்கும் முன்பே அதற்கடுத்த காயைப் பார்த்து வைத்துவிடுவான். மூச்சு வாங்கினாலே ஸ்ட்ரைக்கர் விலகும். ஆத்திரத்தில் அடித்தால் காய் குழியின் வாயில் மோதித் திரும்பி எதிராளிக்கு வசதியாகப் போய் நிற்கும்.

இப்படி ஒரு பொறுமை கைவந்த பையனுக்கு ஒரு தகராறில் கை ஓங்கிவிடுகிறது, ஓர் உயிர் போகிறது. காப்பாற்றுகிறேன் என்று வரும் ரவுடி குணா அதற்கான விலையைப் பிறகு கேட்கிறான். சிறைக்குள் இருக்கும் தன் எதிரி செந்திலை அன்பு நெருங்க வேண்டும் என்கிறான். செந்திலுக்குக் கேரம் பிடிக்கும். அன்றிலிருந்து பலகை ஆளை நெருங்குவதற்கான வழி ஆகிவிடுகிறது. காய்களுக்கு முன்னால் அதே விரல்கள்தான் இருக்கின்றன, ஆனால் அவன் பார்த்து வைத்திருக்கும் அடுத்த காய் ஒரு மனிதன். செந்தில் மீது தாக்குதல் நடப்பதும் கேரம் போட்டியை ஒட்டித்தான். அதற்குப் பிறகு படமும் அந்தப் பலகையைப் பெரிதாகத் தேடிப் போவதில்லை. கொலையை விட இந்த இடம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அவனுக்கென்று இருந்த சுத்தமான ஒரே இடம் அந்தப் பலகை. அதையே ஆயுதமாக்கிக் கொடுத்துவிட்டார்கள், அவனும் வாங்கிக்கொண்டான்.

அன்பு கற்பனை, அவன் இழந்தது கற்பனை அல்ல. சென்னையின் மரிய இருதயம் கேரத்தில் இருமுறை உலக வாகையர், 1996இல் அர்ஜுனா விருது பெற்றவர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அதே வட சென்னைக்காரர். அன்பு போயிருக்க வேண்டிய வழி திறந்தேதான் இருந்தது.

ஆட்டக்காரன் கெட்டுப்போவதைத் திரையில் மிகக் கூர்மையாகக் காட்டியது என்று நான் சொல்வது 2011 பொங்கலுக்கு வந்த ‘ஆடுகளம்’. அதிலும் வெற்றிமாறன், தனுஷ். கத்தியும் ரத்தமும் அதிலும் உண்டு, ஆனால் கேடு வேறு இடத்தில் தொடங்குகிறது. மதுரையில் சேவல் சண்டைக்குப் பேர் போன பெரியவர் பேட்டைக்காரன். அவர் கண்ணுக்குத் தப்பிய சேவல் கிடையாது என்று ஊரே நம்புகிறது. ஒரு சேவலைப் பார்த்து, இது ஆகாது, அறுத்துவிடு என்கிறார். சிஷ்யன் கருப்பு அறுக்க மனமில்லாமல் அதை வளர்க்கிறான். அந்தச் சேவல் களத்தில் இறங்கி ஜெயிக்கிறது. ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து.

பயிற்சியாளராக இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தச் சூழ்நிலை தெரியும். நாம் கழித்துவிட்ட பையன் வேறு அணியில் ஆடி நம் கண்முன்னே கோல் போடுகிறான். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: என் கணிப்பு தப்பிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்வது. பேட்டைக்காரனுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. வராத வாக்கியத்தின் இடத்தில் சின்னச் சின்னப் பொய்கள் வந்து உட்காருகின்றன. இவனிடம் அவனைப் பற்றி, அவனிடம் இவனைப் பற்றி. அண்ணன் தம்பியாய் இருந்த இன்னொரு சிஷ்யன் துரையும் கருப்பும் வெட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகிறார்கள். பெரியவர் கையில் கத்தி இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இத்தனையும் செய்கிறார்.

அந்த வேடத்தில் நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். குரல் கொடுத்தவர் ராதாரவி. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, ஆனாலும் பிசிறு தட்டவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது கருப்பின் சேவல் ஜெயிக்கும் கட்டத்தில் சேவலை விட்டுவிட்டுப் பெரியவரின் முகத்தைக் கவனியுங்கள். ஊர் கத்துகிறது, அந்த முகம் கத்தவில்லை. சிஷ்யனின் வெற்றி தன்னுடைய வெற்றியும்தான் என்று அவர் ஒரு விநாடி நினைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த விநாடி வருகிறது, கடந்து போகிறது. ஆறு தேசிய விருதுகள் வாங்கிய படம் இது, ஜெயபாலனுக்கும் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அதற்கு மேலும் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

விளையாட்டில் ஒழுக்கம் கெடும்போது உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு வெளிநாட்டில் நடந்த கதை ஒன்று உண்டு. 1947 நவம்பரில் குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டா நியூயார்க்கில் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றார். பட்டத்துக்கு மோத வேண்டுமென்றால் முதலில் இதைச் செய் என்பது சூதாட்டக்காரர்கள் வைத்த விலை. 1949இல் பட்டம் கிடைத்தது, 1960இல் அமெரிக்க செனட் குழுவின் முன் உண்மையை அவரே ஒப்புக்கொண்டார். மார்ட்டின் ஸ்கார்செஸி 1980இல் ‘ரேஜிங் புல்’ என்ற பெயரில் அந்த வாழ்க்கையைப் படமாக்கினார். அதற்காக ராபர்ட் டி நீரோ ஏறக்குறைய 27 கிலோ எடை கூட்டியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மறக்காதது விலைபோன அந்தச் சண்டை. படத்து லமோட்டாவுக்கு விழத் தெரியவில்லை. கைகளைத் தொங்கப் போட்டு அடி வாங்கிக்கொண்டே நிற்கிறான், கால் மடங்க மறுக்கிறது. இத்தனை வருடம் பழக்கிய உடம்பு பொய் சொல்லக் கற்றிருக்கவில்லை. பிறகு உடை மாற்றும் அறையில் குழந்தையைப் போல அழுகிறான். மனைவியையும் தம்பியையும் சந்தேகப்பட்டு அடிக்கும் கொடுமை அந்தக் கதையில் நிறைய இருக்கிறது, ஆனால் ஆட்டக்காரன் உடைந்த இடம் இதுதான்.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. கெடா அணி 1990இலும் 1993இலும் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது இந்த வட்டாரமே ஆர்ப்பரித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், 1994, 1995இல், நாட்டின் காற்பந்தையே ஊழல் விவகாரம் உலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடத் தடை வந்தது, சிலருக்கு விளையாட்டு வாழ்க்கையே முடிந்தது. திடலை நிறைத்த கூட்டம் அதற்குப் பிறகு பழையபடி திரும்பவில்லை. தவறவிட்ட பந்து ஒவ்வொன்றையும், இது கைதவறியதா விலைபோனதா என்று பார்க்கப் பழகிவிட்டோம்.

பெரிய அணிகளில் மட்டும் நடப்பதும் அல்ல. பாலிங் சாலையோரத் தோட்டங்களில் நடக்கும் ஐவர் காற்பந்தில் நல்ல கோல்காவலன் ஒருவன் இருந்தான், பதினேழு வயது. முன்னங்காலை எடுத்து வைத்துப் பந்துக்கு எதிரே போகிறவன். ஒரு போட்டியின் அரையிறுதிக்கு முன்னால் யாரோ அவன் கையில் ஐம்பது ரிங்கிட் வைத்திருக்கிறார்கள். அன்று மூன்று கோல் உள்ளே போனது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில், யாரும் பணம் கொடுக்காத ஆட்டங்களிலும், அவன் முன்னங்கால் ஒரு கணம் தயங்கியது. கோட்டிலேயே நின்று பந்து வரட்டும் என்று காத்திருந்தான். “என்னடா தம்பி, கால் வலியா?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லண்ணே” என்றான். கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பணம் கொடுத்தவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், இவன் ஆடுவதை நிறுத்திவிட்டான்.

கெட்டுப்போன ஆட்டக்காரன் மீண்டு வருவதைக் காட்டும் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ (2021) பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. நாயகன் கபிலனின் அப்பா குத்துச்சண்டை வீரராக இருந்து ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்தவர். அதனாலேயே மகன் கையுறை பக்கமே போகக் கூடாது என்று விளக்குமாற்றோடு துரத்துகிறாள் தாய். அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது. எதிராளி வேம்புலியை அவன் மேடையில் வீழ்த்தப் போகும் நேரத்தில் கும்பல் மேடையேறி அவனை அம்மணமாக்குகிறது. அந்த அவமானம் அவன் கையில் கத்தியைக் கொடுக்கிறது, பிறகு சிறை, சாராயம். முன்பு டான்ஸிங் ரோஸ் என்ற வீரனை வென்ற அதே கால்கள் பிறகு தடுமாறுவதை, கபிலனாக நடித்த ஆர்யா தன் உடம்பிலேயே காட்டியிருக்கிறார். தொப்பை, தளர்ந்த தோள், கண்ணுக்குக் கீழே வீக்கம். இதுவரை எல்லாம் உண்மை. ஆனால் கடலோரத்தில் கொஞ்ச நாள் ஓடி, குத்திப் பழகியதும் பழைய கபிலன் திரும்பிவிடுகிறான். சாராயம் தின்ற உடம்பு அவ்வளவு சீக்கிரம் வராது. பலம் வந்தாலும் எதிராளியின் குத்து கிளம்பும் முன்பே தலையை நகர்த்தும் அந்தக் கணக்கு வர ஆண்டுகள் ஆகும், பலருக்கு வருவதே இல்லை. ரசிகனாக அந்தக் கடைசிச் சண்டையில் எனக்கும் புல்லரித்தது. ஆனாலும் குடியிலிருந்து மீள ஒரு பாட்டு நேரம் போதும் என்று நம் பையன்கள் நம்பிவிடக் கூடாது.

‘கபாலி’யை (2016) இங்கே நிறைய பேச வேண்டியதில்லை. தோட்டக்கூலியின் கோபத்தை ரஜினி வழியாகப் பேசியது பெரிய காரியம். ஆனால் சிறையும் கொலையும் கபாலியின் நடையைக்கூட மாற்றவில்லை, கோட்டு கசங்கவில்லை. மலேசியத் திரையரங்குகளில் மட்டும், அவர் போலீசிடம் சரணடைந்துவிட்டார் என்று முடிவில் எழுத்துப் போட்டார்கள். இரண்டரை மணி நேரம் மாறாத ஆளை அந்த வரியா மாற்றும்?

நம் நாட்டுக் கதையைச் சரியாகச் சொன்னது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. 2015 டிசம்பரில் வந்தது, 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், பன்னிரண்டு வயது அப்போய். அப்பா படி படி என்று அடிக்கிறார். அப்பாவின் தம்பிகளில் ஒருவன் குண்டர் கும்பலில், இன்னொருவன் போதையிலிருந்து மீளப் பார்க்கிறான். பையனுக்குக் கற்பனை நிறைய, துறுதுறுப்பும் நிறைய. பள்ளியில் அதற்கு இடமில்லை, கிடைப்பது பிரம்படி. அப்போயாக நடித்த ஹர்விந்த் ராஜிடம் கவனிக்க வேண்டியது அடிக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம். முதலில் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிற பிள்ளை, போகப்போக இழுப்பதில்லை. அடி உறைக்காதபோது அப்பாவுக்கும் ஆசிரியருக்கும் அவன்மேல் இருந்த பிடி போய்விட்டது. பிடிக்க வேறு ஆள் காத்திருக்கிறான்.

2013இல் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் இருந்ததாகச் சொல்லப்பட்ட சுமார் 40,000 பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன் வீடுகள் காலியாகி, தோட்டத்துத் திடல்கள் புல் மண்டிய வரலாற்றை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தத் திடல்களில் மாலை ஐந்து மணிக்குப் பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டு என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளும் திடலும் போன பிறகு அதே ஐந்து மணிக்கு வேறு ஒருவன் கூப்பிடுகிறான்.

பையனைக் கூப்பிட்டு நிறுத்தும் ஆளின் பொறுப்பு அவ்வளவு பெரியது என்பதால்தான் ‘ஆடுகள’த்தின் முடிவோடு எனக்கு இன்றும் சண்டை. பெரியவரின் சூழ்ச்சி கருப்புக்குத் தெரிந்துவிடுகிறது, அவர் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறார். கருப்பு யாரிடமும் உண்மையைச் சொல்லாமல், குருவின் பேரைக் காப்பாற்றி, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஊரை விட்டுப் போகிறான். பெருந்தன்மை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. துரை ஏன் கெட்டான் என்று துரையின் வீட்டுக்குத் தெரிய வேண்டும். சேவல் வளர்க்கும் அடுத்த பையனுக்கு, குருவின் பொறாமையும் சிஷ்யனைத் தின்னும் என்பது தெரிய வேண்டும். கருப்பு அந்த ஊரில் நின்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்க வேண்டும், பெரியவரின் மாலை போட்ட படத்துக்கு முன்னாலேயே.