மாடல் ஃபிளாட்: அழகும் அளவும்

கட்டுமானம் முடியாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்க வருவோருக்குக் காட்டுவதற்காக முன்கூட்டியே அமைத்து, அறைகலன்களும் விளக்குகளும் பொருத்தி வைக்கப்படும் வீடு மாடல் ஃபிளாட் எனப்படுகிறது. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை, ஜி.எஸ்.டி. சாலைப் பகுதிகளில் எழும் பெரிய திட்டங்கள் பலவற்றில் விற்பனை அலுவலகத்தை ஒட்டியே இது இருக்கும்.

விற்கும் வீட்டை ஒப்பனை செய்து காட்டுவது அமெரிக்காவில் 1970களில் தனித் தொழிலாக உருப்பெற்றது. வாஷிங்டன் மாநிலத்தின் பார்ப் ஷ்வார்ட்ஸ் அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அங்கே ஒப்பனை பெறுவது ஏற்கெனவே நிற்கும் வீடு. சோபாவை நகர்த்திச் சுவரை அளக்கலாம், குழாயைத் திறந்து பார்க்கலாம். மாடல் ஃபிளாட்டில் விற்கப்படும் வீடு இன்னும் எழும்பவே இல்லை. அங்குள்ள சுவர், கூரை உயரம், வெளிச்சம் எல்லாமே விற்பவர் அமைத்தவை. இம்முறையின் நிறைகுறைகளை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

முதலில் இதன் பயன். கட்டட வரைபடத்தைப் படித்து அறையின் அளவை உணர்வது எல்லோருக்கும் இயலாது. தாளில் ‘8 × 7’ என்றிருக்கும் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்று வேலை செய்ய முடியுமா என்பது உள்ளே போய் நின்றால்தான் தெரியும். மேடையின் உயரம், வாஷிங் மெஷினுக்கான இடம், பூஜை அலமாரி, வயதானவர்கள் குளியலறைக்குள் நுழையும் வழி ஆகியவற்றைக் குடும்பத்தோடு பார்த்துப் பேசி முடிவெடுக்க இது உதவுகிறது. தரை ஓடு, கதவு, சுவிட்சு ஆகியவற்றின் தரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பில்டருக்கும் இதில் ஆதாயம் உண்டு. பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் மறைந்துவிடுவது, கதவு திறந்தால் அலமாரியில் இடிப்பது போன்ற பிழைகளை நூற்றுக்கணக்கான வீடுகளில் செய்துவிடுவதற்கு முன், ஒரே வீட்டில் கண்டு திருத்திக்கொள்ள முடிகிறது.

குறைகளில் தலையானது அளவு பற்றியது. 10 அடிக்கு 10 அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் 6 அடி அகலக் கட்டிலைப் போட்டு, பக்கச் சுவரில் 2 அடி ஆழ அலமாரி வைத்தால், நடக்க மிஞ்சுவது 2 அடிதான். அதே அறையில் நாலரை அடிக் கட்டிலும் ஒன்றரை அடி அலமாரியும் செய்து வைத்தால் 4 அடி கிடைக்கும். அறை மாறவில்லை, நடைவழி மட்டும் இரு மடங்காகிவிடுகிறது. செங்கல் சுவருக்குப் பதில் கண்ணாடித் தடுப்பு, கழற்றப்பட்ட கதவுகள், எதிரெதிர்க் கண்ணாடிகள் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றில் எதிலும் பொய்யான வாசகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்ப்பவர் பெறும் கணக்கு தவறானது.

அடுத்தது திசையும் சூழலும். தரைத்தளத்தில் ஏ.சி. ஓடும் கொட்டகைக்குள் அமைந்த மாதிரி, ஒன்பதாம் மாடியின் மேற்குச் சுவர் மே மாத வெயிலில் எப்படிக் காயும் என்பதைக் காட்டாது. காற்றோட்டம், அடுத்த கட்டடத்தின் நெருக்கம், சாலை இரைச்சல் எதுவும் அதில் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் கோபுரத்திலேயே ஒரு வீட்டை முடித்துக் காட்டும் பில்டர்களின் முறை இவ்வகையில் மேலானது.

சட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 12ஆம் பிரிவில் மாதிரி வீட்டை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அதை நம்பி முன்பணம் கட்டியவர் தவறான தகவலால் இழப்படைந்தால் இழப்பீடு கோரலாம். விலக விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திரும்பப் பெறலாம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பான கார்ப்பெட் ஏரியாவுக்குச் சட்டம் திட்டமான வரையறை தந்ததால், பொதுப் பகுதிகளையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப் கணக்கில் இருந்த குழப்பமும் குறைந்திருக்கிறது. ஆயினும் இந்தப் பாதுகாப்பு இழப்பு நேர்ந்த பிறகே கைகொடுக்கிறது. சாவி கைக்கு வரும்போது தற்காலிக மாதிரி வீடு இடிக்கப்பட்டிருக்கலாம்; அதில் என்ன இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது.

முன்கூட்டியே தடுக்கும் வழியை வேறு இரண்டு நகரங்கள் காட்டியுள்ளன. ஹாங்காங்கில் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அலங்கரித்த மாதிரியைக் காட்ட விரும்பும் நிறுவனம் முதலில் மாற்றம் எதுவும் செய்யாத வெற்று மாதிரி ஒன்றை அமைக்க வேண்டும். அதில் பார்வையாளர்கள் அளக்கவும் படமெடுக்கவும் உரிமை உண்டு. சிங்கப்பூரின் 2015 விதிகள், மாதிரி வீடு உண்மையான அளவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன; எடுத்துவிட்ட உட்சுவர் இருக்குமிடத்தையும் அதன் தடிமனையும் தரையில் கோடிட்டுக் காட்ட வேண்டும்.

இவ்விரு விதிமுறைகளும் அழகைத் தடுக்கவில்லை. அளவில் உண்மையைக் கட்டாயமாக்குகின்றன. நல்ல நிறத் திரைச்சீலையும் மென்மையான விளக்கும் எவரையும் ஏமாற்றுவதில்லை, அவற்றை யாரும் வீட்டின் பகுதியாக எண்ணுவதுமில்லை. சுவரையும் கட்டிலையும் சுருக்குவதுதான் பல ஆண்டு வீட்டுக்கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் குடும்பத்துக்கு இழைக்கப்படும் அநீதி. வழக்கமான அளவிலான அறைகலன்கள், அளந்து பார்க்கும் உரிமை, மாதிரி வீட்டின் படங்களையும் அளவுகளையும் ஒப்பந்தத்தோடு இணைத்தல் ஆகிய மூன்றையும் தமிழ்நாட்டிலும் விதியாக்கினால், மாடல் ஃபிளாட்டின் பயன் குறையாமல் அதன் தீங்கை நீக்கலாம். அதுவரை, மாடல் ஃபிளாட்டுக்குப் போகிறவர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் அளவு டேப்பையும் கையோடு எடுத்துச் செல்வதே பாதுகாப்பு.