இருவரும் கலந்து முடிவெடுப்பார்கள்

பரஸ்பரச் சம்மதத்தோடு பிரிகிற பெற்றோர் குடும்ப நல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ஒப்பந்தங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘குழந்தையின் கல்வி குறித்து இருவரும் கலந்து முடிவெடுப்பார்கள்.’ அதே ஒப்பந்தத்தில், திருப்பித் தர வேண்டிய நகைக்குக் கிராம் கணக்கு இருக்கும். பராமரிப்புத் தொகையை மாதத்தின் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அப்பா எத்தனை மணிக்கு வந்து அழைத்துப்போக வேண்டும், எத்தனை மணிக்குள் கொண்டுவந்து விட வேண்டும் என்பதுகூட இருக்கும். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 14 ஆண்டுகள் போய்வர வேண்டிய பள்ளிக்கு மட்டும் அந்த ஒரு வரிதான்.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை நான் மதிக்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், தந்தையைத்தான் இயற்கைக் காப்பாளராக முதலில் வைத்தது. தாய்க்கு அடுத்த இடம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்தைக் கேட்டார்கள். அந்த வழக்கில்தான் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை பிள்ளையின் பொறுப்பில் இல்லாத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்றது. பள்ளி அலுவலகங்களில் ‘அப்பா வரலையா?’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. இந்தப் பின்னணியில், கல்வியில் இருவருக்கும் சம உரிமை என்று எழுதி வாங்குவது தாய்மார்களுக்குப் பெரிய விஷயம். தந்தைக்கும் அதில் நன்மை உண்டு. வார இறுதியில் மட்டும் பிள்ளையைப் பார்ப்பவர், ஹோட்டலுக்கும் சினிமாவுக்கும் கூட்டிப்போகிறவராகச் சீக்கிரமே சுருங்கிவிடுகிறார். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவர், வகுப்பாசிரியரின் பெயர் தெரிந்தவர், அப்படிச் சுருங்குவதில்லை. சட்ட ஆணையம் 2015 மே மாதம் தந்த 257ஆவது அறிக்கையில், பெற்றோரின் கூட்டுப் பொறுப்பைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்ததும் இந்த நன்மைகளைக் கண்டுதான். அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.

கலந்து பேசியும் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை. அதனால், சம்மதம் சொல்லும் உரிமை தடுக்கும் அதிகாரமாக மாறிவிடுகிறது. அதைப் பயன்படுத்தப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம்; போனை எடுக்காமல் இருந்தால் போதும். சென்னையிலும் கோவையிலும் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் பல, ஜூன் மாதச் சேர்க்கையைச் சில மாதங்கள் முன்பே முடித்துவிடுகின்றன. இழுபறி முற்றி வழக்கறிஞரிடம் போவதற்குள் ஏப்ரல் வந்துவிடும். மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் பள்ளி திறந்துவிடும். நோட்டீஸ் போய், பதிலுரை வந்து, இரண்டு வாய்தா தாண்டினால் காலாண்டுத் தேர்வு. அதற்குள் பிள்ளை எங்கோ ஒரு பள்ளியில் உட்கார்ந்திருக்கும்.

சட்டத்தில் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் 2001இல் ஒரு நல்ல திருத்தம் வந்தது. வழக்கு நடக்கும்போது பிள்ளையின் பராமரிப்புக்கும் கல்விக்கும் போடும் மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்கிறது அது. பெரும்பாலும் பள்ளிக் கட்டணம் கேட்கத்தான் அது பயன்படுகிறது. எந்தப் பள்ளி என்று கேட்க அதை எடுத்துச்செல்பவர்கள் குறைவு. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, மற்ற சண்டைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ‘எந்தப் பள்ளி’ என்ற ஒரே கேள்வியை மட்டும் நீதிபதி முன் வைத்து உத்தரவு வாங்கலாம். நம் நீதிமன்றங்களுக்கும் அதற்கான அதிகாரம் உண்டு. அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தாமதத்தில் முந்துகிறவர் கை ஓங்குகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழைக் கேட்டதும் தலைமையாசிரியர் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஊர் ஊராகப் பிழைக்கப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது உயிர்நாடி. இதில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே வசதியைக் கொண்டு, ஒருவர் மட்டும் போய் டி.சி. வாங்கி, சென்னையில் படித்த பிள்ளையை மதுரையில் சேர்த்துவிட முடிகிறது. அடுத்து வருவது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் பொறுப்பு கேட்டு மனுப் போடலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. எங்கே வசிக்கிறது என்ற தகராறு வந்தால், புதிய பள்ளியின் போனஃபைட் சான்றிதழே ஆதாரமாக நீட்டப்படும். ஆக, பள்ளிச் சேர்க்கை வழக்கின் ஊரையும் மாற்றப் பார்க்கிறது. ஓராண்டு கழித்து விசாரணைக்கு வரும்போது, ‘பிள்ளை இங்கே பழகிவிட்டது, கலைக்க வேண்டாம்’ என்ற வாதம் தயாராக இருக்கும்.

அந்த வாதம் பொய்யும் அல்ல. வீடு இரண்டான வருடத்தில் அதே பெஞ்சு, அதே தோழி, காலையில் ஹாரன் அடிக்கும் அதே வேன் அண்ணன் என்று ஏதோ ஒன்று மாறாமல் இருப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய பிடிமானம்! இருக்கும் பள்ளியைக் கலைக்காமல் விடுவதில் நீதிமன்றங்கள் காட்டும் அக்கறை சரியானது. ஆனால் அந்த அக்கறை பிரிவுக்கு முன் இருவரும் சேர்ந்து சேர்த்த பள்ளிக்கு உரியது. பிரிந்த பிறகு ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு சேர்த்த பள்ளிக்கு அதே மதிப்பைத் தரக் கூடாது. ஒரு விலக்கு மட்டும் கட்டாயம் வேண்டும். அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண், பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காமல் வேறென்ன செய்வாள்? அவளிடம் போய்க் கணவனின் சம்மதம் எங்கே என்று கேட்பது கொடுமை.

கட்டணம் கட்டுகிறவர்தான் பள்ளியைத் தீர்மானிக்க வேண்டும் என்ற பேச்சும் பரவலாக உண்டு. அதற்கு நான் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. காலையில் எழுப்பி, டிபன் கட்டி, வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவரின் உழைப்புக்கு ரசீது கிடையாது.

தமிழ்நாட்டில் இந்தத் தேர்வின் கனம் வெளியே தெரிவதைவிட அதிகம். மெட்ரிகுலேஷனா சி.பி.எஸ்.இ.யா என்றுதான் பெற்றோர் மோதிக்கொள்கிறார்கள். ஒரு பள்ளியை விட்டு விலகுவதில் என்ன போய்விடும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைப் பொறுத்தே. மாநில அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உள்ள 20 விழுக்காடு முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 விழுக்காடு இடத்தில் கட்டணமில்லாமல் படிக்கும் பிள்ளையை இடையில் எடுத்துவிட்டால், வேறொரு தனியார் பள்ளியில் அதே இடத்தை உரிமையாகக் கேட்க முடியாது. பிரிவின் கோபத்தில் ஏழாம் வகுப்பில் செய்யும் ஒரு மாற்றம், பிள்ளையின் பதினெட்டாவது வயதில் இப்படிப் பாதையை அடைத்துவிடலாம். ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞரோ சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுகிறவரோ இதைப் பெற்றோரிடம் ஒருமுறையாவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளையையே கேட்டுவிடலாமே என்பார்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் சொல்கிறது. நீதிபதிகள் தங்கள் அறைக்கு அழைத்துப் பரிவோடுதான் பேசுகிறார்கள். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘உனக்கு எந்த ஸ்கூல் பிடிச்சிருக்கு?’ என்று கேட்டால், அது ‘அம்மாவா, அப்பாவா?’ என்றே அதன் காதில் விழும். என்ன சொன்னாலும் மாலையில் ஒருவர் முகம் வாடும் என்று அதற்குத் தெரியும். அந்த வயதில் தேர்வைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. ஒரு பள்ளியில் அது எதற்குப் பயப்படுகிறது, யாரோடு விளையாடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிவின் பாரத்தைப் பெரியவர்கள் சுமக்க வேண்டும்.

இரு பெற்றோரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் எந்த வரியும் முழுதாக உதவாது. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு வழக்கில், சிறுமியை உறைவிடப் பள்ளியில் சேர்க்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2019இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெற்றோரின் பகைக்கு நடுவில் நசுங்கும் ஒரு பிள்ளைக்கு விடுதி நிம்மதி தரலாம். அதை எல்லோருக்குமான நடுநிலைத் தீர்வாக எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்காததற்காக, பிள்ளை இரண்டு வீட்டையும் விட்டுக்கொடுக்கிறது.

அந்த ஒற்றை வரியை எடுத்துவிட வேண்டாம். அதற்குக் கீழே சில வரிகள் சேர வேண்டும். பள்ளி நாட்களில் பிள்ளை எந்த வீட்டில் தூங்கும் என்பதை முதலில் எழுத வேண்டும். பள்ளி அந்த வீட்டிலிருந்து வேனில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும். நவம்பருக்குள் இருவரும் பள்ளிப் பெயர்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். டிசம்பருக்குள் ஒத்துவராவிட்டால், இருவரும் முன்பே ஒப்புக்கொண்ட ஒரு சமரசரிடமோ நீதிமன்ற ஆலோசகரிடமோ போக வேண்டும். அப்போதும் முடியாவிட்டால், பள்ளி நாட்களில் பிள்ளையை வைத்திருப்பவரின் சொல் நிற்க வேண்டும். இது ஒருவர் பக்கம் சாய்கிறது என்ற குறை நியாயமானதே. அதனால்தான் பயிற்று மொழியையும் பாடத்திட்டத்தையும் இருவர் கையெழுத்தின்றி மாற்றக் கூடாது, கட்டண உச்சவரம்பைத் தாண்டினால் தாண்டியவரே கட்ட வேண்டும், டி.சி.க்கு இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்ற எல்லைகளையும் அதே தாளில் வைக்கச் சொல்கிறேன். மற்றவரின் பெயரும் போன் எண்ணும் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்துக்கு இருவரையும் பள்ளி அழைக்க வேண்டும். ஒரே நேரத்தில் உட்கார முடியாதென்றால் வேறு வேறு நேரத்தில்.

பத்தாம் வகுப்பு முடிந்து பதினொன்றில் எந்தக் குரூப், அதற்காக எந்தப் பள்ளி என்ற கேள்வி வரும்போது இந்த வரிசை தலைகீழாக வேண்டும். அந்த வயதில் பிள்ளைக்குத் தன் கணக்கும் உயிரியலும் தெரியும், இரண்டு வீடுகளின் நிலவரமும் தெரியும். அதன் விருப்பமே முதலில் நிற்க வேண்டும். அதை மறுக்கும் பெற்றோர், அம்மாவோ அப்பாவோ, தன் காரணத்தை எழுதித் தர வேண்டும். அந்தக் காரணத்தைப் பிள்ளையும் படிக்க வேண்டும்.