சோற்றுத் தட்டோடு நின்றுபோகும் கண்காணிப்பு

பள்ளி மதிய உணவை மக்கள் கண்காணிப்பது பிற்பாடு சேர்த்த ஏற்பாடு அல்ல. இன்றைய தேசியத் திட்டமே அப்படிப்பட்ட விழிப்பில் பிறந்ததுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்கள் அடுப்பே மூட்டவில்லை. மாதம் 3 கிலோ தானியத்தைக் கொடுத்து அனுப்பின. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் சமைத்த உணவு போடச் சொன்னது. நிறைவேற்றுகிறார்களா என்று பார்க்கப் பின்னர் ஆணையர்களையும் நியமித்தது. எம்.ஜி.ஆர். காலத்தில், 1982-லேயே, சத்துணவு கண்ட நமக்கு இது பழகிய சோறு. வட மாநிலக் குழந்தைகளோ வழக்காடிப் பெற்றார்கள்.

அந்த விழிப்பு இன்று பல வடிவங்களில் சட்டமாகியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். பரிமாறும் முன் ஆசிரியர் உட்பட இரண்டு மூன்று பேர் ருசி பார்க்க வேண்டும். மாவட்டந்தோறும் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். இதன் வலிமை கண்கூடு. பதிவேட்டில் எழுதிய எண்ணிக்கைக்கும் பந்தியில் உட்கார்ந்த எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் ஊர்த் தாய்மாருக்குத் தெரியும். எப்போதாவது வந்து போகும் அதிகாரிக்குத் தெரியாது. பள்ளிகள் அன்றாடம் கைபேசியில் அனுப்பும் கணக்கு இதற்கு ஈடாகாது. அனுப்புகிறவரே கணக்குக் கொடுக்க வேண்டியவர். பருப்பு நீர்த்திருந்ததா என்பதை எண் சொல்லாது.

ஆனால் பார்ப்பவருக்கு அதிகாரம் இல்லையென்றால் என்ன ஆகும்? 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் தலைமையாசிரியர் சமைக்கச் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன. தலைமையாசிரியருக்கு 2016-இல் தண்டனையும் கிடைத்தது. என்னை விடாமல் உறுத்துவது இதுதான்: அங்கே கண் இருந்தது, நாக்கும் இருந்தது. அடுப்பை அணைக்கும் உரிமைதான் அந்தப் பெண்ணுக்கு இல்லை.

இன்னொரு குறையை நாம் பேசவே தயங்குகிறோம். ‘மக்கள்’ என்பது ஒரே கூட்டம் அல்ல. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோரில் ஒரு பகுதியினர் எதிர்க்க, அதிகாரிகள் அவரை இடமாற்றம் செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. 2021-இல் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டத்திலும் இதே கதை. சமையல் வேலையில் தலித்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. கண்காணிப்பு உரிமையைச் சாதி இப்படிக் கைப்பற்றும் என்பதை எந்த வழிகாட்டுதலும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பார்த்ததை வெளியே சொன்னவர்களின் நிலையும் நல்லதாக இல்லை. 2019-இல் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் குழந்தைகள் ரொட்டிக்கு உப்பைத் தொட்டுச் சாப்பிட்டதைப் படம் பிடித்த செய்தியாளர் மீதே வழக்குப் போட்டார்கள்.

மொத்தத்தில் நம் கண்காணிப்பு கீழ்நோக்கியே பார்க்கிறது. சமையலருக்கு மத்திய அரசு 2009-இல் வகுத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். சில மாநிலங்கள் மேலே சேர்த்துத் தருகின்றன. இந்தக் கூலி வாங்குபவரின் சமையல்கூடத்தைத் துருவுகிற அக்கறை, தானியம் எப்போது வந்தது, செலவுப் பணம் எத்தனை மாதம் தாமதம் என்று கேட்பதில் இல்லை. 2015-ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள் தெளிவாக இருக்கின்றன: தானியமோ பணமோ எரிபொருளோ ஆளோ இல்லாமல் ஒரு நாள் உணவு நின்றால், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் குழந்தைக்கு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து நின்றால் பொறுப்பாளி யாரென்று மாநில அரசு நிர்ணயிக்க வேண்டும். இதைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்த ஊர்கள் எத்தனை?

கிராம சபையில் உட்காரும் பெற்றோர் குழம்பின் ருசியோடு இந்தத் தேதிகளையும் கேட்க வேண்டும். கெட்டுப்போன பொருளைச் சமைக்க மறுக்கும் உரிமையைச் சமையலருக்கு எழுத்தில் தர வேண்டும். அதுவரை சமூகத் தணிக்கை அறிக்கைகள் அலுவலக அலமாரியில்தான் இருக்கும்.