சாத்தனின் கனவு

கடலூரில் ஒரு கூட்டம் முடிந்து நான் படியிறங்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வழிமறித்துக் கேட்டார்: "சார், உங்க கதையைப் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா, அதனால என்ன?"

கேள்வியில் துடுக்கு இல்லை. வாஸ்தவமான சந்தேகம்தான் இருந்தது. நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். சமாளிக்கிறேன் என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. அன்றிரவு அறைக்கு வந்ததும் புதுமைப்பித்தனை எடுத்துப் பிரித்தேன்.

கடலூர் என்றவுடன் எல்லோருக்கும் ஜெயகாந்தன்தான் நினைவுக்கு வருவார். மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர். அதற்கு இருபத்தெட்டு வருஷங்களுக்கு முன்னாலேயே, 1906-ல், கெடிலத்துக்கு அக்கரையில் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்துவிட்டார் புதுமைப்பித்தன். தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தர். குடும்பத்தின் சொந்தச் சீமை திருநெல்வேலி. ஆகவே அவர் எழுத்தில் தாமிரவருணி ஓடுகிற அளவுக்குக் கெடிலம் ஓடவில்லை. அதனால் என்ன, பிறந்த ஊர் என்ற பாத்தியதையை யாரும் பறித்துவிட முடியாது!

நான் பிரித்த கதை 'சிற்பியின் நரகம்'. 'மணிக்கொடி' காலத்துக் கதை. காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் தன் ஆயுளையே கரைத்து ஒரு நடராஜ விக்கிரகம் செய்கிறான். பைலார்க்கஸ் என்ற யவனன் அதில் அழகைப் பார்க்கிறான். ஒரு சந்நியாசி தத்துவத்தைப் பார்க்கிறார். சிலை கோயிலுக்குப் போகிறது. அன்றிரவு சாத்தனுக்கு ஒரு கனவு. கர்ப்பக்கிருகத்தில் ஒரே இருட்டு. ஜனங்கள் கூட்டங் கூட்டமாக வருகிறார்கள், மோட்சம் வேண்டும் வேண்டும் என்று முனகுகிறார்கள், போகிறார்கள். ஒருவராவது நிமிர்ந்து சிலையைப் பார்க்கவில்லை. சாத்தன் வெறி கொண்டு சம்மட்டியை எடுத்துத் தன் சிருஷ்டியையே உடைக்கிறான். திடுக்கிட்டு விழிக்கிறான்.

இந்தக் கதையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பாமர பக்திக்குக் கொடுத்த சவுக்கடி இது. கலை தெரியாத ஜனங்கள் நடுவே கலைஞன் படும் பாடு இது என்பார்கள். வாலிப வயதில் நானும் அப்படித்தான் படித்தேன். அப்படிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நம் புஸ்தகம் விற்கவில்லையென்றால் நாமும் சாத்தனாகிவிடலாம் அல்லவா?

ஆனால் கதையின் தலைப்பைப் பாருங்கள். நரகம் ஜனங்களுடையது அல்ல, சிற்பியினுடையது. கனவும் அவனுடையதுதான். அந்த ஜனங்களை இருட்டில் நிறுத்தி, முகமில்லாமல் ஆக்கி, ஒரே குரலில் முனகவிட்டது அவன் மனம். நிஜக் கோயிலில் நின்ற ஒரு நிஜ மனிதனையாவது அவன் பார்த்தானா? ஒவ்வொரு நெளிவையும் தேடித் தேடிப் பார்த்த அந்தக் கண் ஜனங்களிடம் வந்தவுடன் குருடாகிவிட்டது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அழுகிறவன் தான் யாரையும் பார்க்காமல் போனதை அறியவில்லை. புதுமைப்பித்தன் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கதை சாத்தன் மீதும் தீர்ப்புச் சொல்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுநாள் காலை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். கதையைக் கையில் வைத்துக்கொண்டு நடராஜரைப் பார்க்கவேண்டும் என்ற பைத்தியக்கார ஆசைதான்.

அங்கே போன பிறகுதான் ஒன்று உறைத்தது. சந்நிதியில் சிற்பியின் வேலை கண்ணுக்குத் தெரிவதே இல்லை! பட்டும் மாலையும் நகையும் விக்கிரகத்தை மூடியிருக்கின்றன. முகம் தெரிகிறது, தூக்கிய திருவடி தெரிகிறது. மற்றதெல்லாம் அலங்காரத்துக்குள்ளே. சாத்தன் வந்து நின்றிருந்தால் கனவு காணவேண்டிய அவசியமே இருந்திராது. போதாததற்குப் பக்கத்திலேயே ரகசியம். திரையை விலக்கினால் வெறும் வெளி, தங்க வில்வ மாலை தொங்குகிறது, அவ்வளவுதான். உருவத்தின் உச்சியைத் தொட்ட கலைக்குப் பக்கத்தில் உருவமே இல்லாததையும் வைத்து, இதையும் பார் என்று சொன்ன துணிச்சல் எந்த விமர்சகனுக்கு வரும்?

உடல் முழுவதும் தெரியவேண்டுமென்றால் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போகவேண்டும். திருவாலங்காட்டு நடராஜர் அங்கே அலங்காரம் எதுவும் இன்றி நிற்கிறார். சென்னை மியூசியத்து விக்கிரகங்களின் போட்டோக்கள் பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ரோடினிடம் போய்ச் சேர்ந்தன. நேரில் பார்க்காமலே, வெறும் போட்டோக்களைக் கொண்டு அந்த உடலை வியந்து அவர் எழுதினார். அவர் 1917-ல் இறந்த பிறகு, 1921-ல், அது அச்சாயிற்று. பைலார்க்கஸ் கற்பனை அல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? சந்நியாசியின் வாரிசுகளும் இல்லாமலில்லை: 2004-ல் ஜெனீவாவில் அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்து வளாகத்தில் ஒரு நடராஜர் சிலையைக் கொண்டுபோய் வைத்தார்கள், பிரபஞ்சத்தின் அசைவுக்கு உருவகமாக. அழகுக்கு ஓர் ஆள், தத்துவத்துக்கு ஓர் ஆள். முனகுகிற ஜனங்களுக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.

தீபாராதனைக்கு மணி அடித்தது. நான் தூண் மாதிரி வழியில் நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு கை என் முதுகைத் தட்டிற்று. எழுபது வயதிருக்கும் ஒரு கிழவி. கண்ணில் புரை விழுந்திருந்தது. "கொஞ்சம் ஒதுங்குப்பா, மறைக்குது" என்றாள். ஒதுங்கினேன். கற்பூர வெளிச்சம் எழுந்து தணிகிறவரை அவள் கைகள் குவிந்தபடியே இருந்தன, உதடு அசையவில்லை.

வெளியே வந்தபோது, அதிகப்பிரசங்கித்தனம்தான், அவளிடம் கேட்டேன்: "என்ன பாட்டி வேண்டிக்கிட்டீங்க?"

"எங்க வேண்டிக்கிட்டேன்! பாத்துக்கிட்டே நின்னுட்டேன், தெரை போட்டுட்டாங்க" என்று சலித்துக்கொண்டாள். எதையோ கேட்க வந்து மறந்துவிட்ட சலிப்பு அது. மருமகளுக்கு என்னவோ உடம்பு போலும்.

நான் அந்தக் கிழவியை ரசிகை என்று சொல்ல வரவில்லை. இடுப்பின் நெளிவைப் பற்றி அவளுக்கு என்ன அக்கறை? ஆனால், பார்க்கவில்லை என்று சாத்தன் சொல்வானேயானால், அவன் சொல்வது பொய்.

அதே சிதம்பரத்தில்தான் மௌனி இருந்தார். கணக்குப் பாடம் படித்தவர், அரிசி மில் நடத்தியவர், 1985-ல் காலமானார். மொத்தம் இருபத்து நான்கு கதைகள். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதை உலகத்துத் திருமூலர் என்றார். வருஷத்துக்கு ஒரு பாட்டு என்று மூவாயிரம் வருஷம் இருந்தவர் திருமூலர் என்பது ஐதீகம். மௌனியின் வேகத்தைப் பார்த்தால் அந்தப் பட்டத்தில் குறும்பும் கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

மௌனியின் 'அழியாச்சுடர்' கதையிலும் ஒரு கோயில், ஒரு பார்வை. இளைஞன் ஒருவன் சந்நிதியில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அந்த ஒரு கணம் வருஷக்கணக்காக அவனுக்குள் அணையாமல் எரிகிறது. தூணிலிருக்கும் யாளிகூட அவன் பார்வைக்கு உயிர் பெறுகிறது. இங்கே சிற்பி பெயரில்லாமல் போய்விட்டான், பார்க்கிறவனே படைக்கிறவன். சாத்தனின் நரகத்துக்கு இது நேர் எதிர்த் திசை. புதுமைப்பித்தனுடைய சிற்பிக்குப் பார்ப்பவன் வேண்டும்; மௌனியின் மனிதனுக்குப் பார்ப்பது ஒன்றே போதும்.

போதுமா? மௌனியைப் படித்து மயங்கியவன் நான். அந்த மயக்கம் இன்றும் தெளியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அந்த இளைஞன் பார்த்ததெல்லாம் தன்னைத்தான். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று, அவளுக்கும் ஒரு பார்வை உண்டா என்று கதைக்குக் கவலையில்லை. தினமும் நெல்லோடு புழங்கிய மனிதரின் புகழ்பெற்ற கதைகளில் நெல்லின் வாசனைகூட இல்லை. அந்த விலகலால்தான் அவர் மொழி அத்தனை உயரத்துக்குப் போயிற்று என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அந்த உயரத்தில், "ஒதுங்குப்பா, மறைக்குது" என்று முதுகில் தட்ட ஆள் கிடையாது. எனக்கு அது மூச்சு முட்டுகிறது. எனவே, நரகமேயானாலும் நான் சாத்தன் பக்கம்தான்.

கடலூர் இளைஞருக்கு இதையெல்லாம் அன்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவர், "அதனால என்ன?" என்றுதான் கேட்டிருப்பார். கேட்கட்டும்.

கனவிலிருந்து விழித்த சாத்தன் மறுநாள் உளியை எடுத்தானா என்று புதுமைப்பித்தன் எழுதவில்லை. அவர் எழுதிய பேனாவைக் கீழே வைக்கவில்லை. காசமும் கஷ்டமும் துரத்த, 1948-ல் நாற்பத்திரண்டு வயதில் சாகிறவரை எழுதினார். 'சாப விமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எல்லாம் சாத்தன் சம்மட்டி எடுத்ததற்குப் பிறகு வந்தவைதாம்.