கையெழுத்துக்கு விலையா, கைக்கு விலையா?

ஓவியம் வாங்குவதென்றால் பெயரை வாங்குவதுதான் என்று ஏல நிறுவனங்களும் முதலீட்டு ஆலோசகர்களும் ஒரே குரலில் சொல்கிறார்கள். 2023-இல் ரவி வர்மாவின் யசோதை–கிருஷ்ணன் ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனதும் அந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள்கூட "யார் வரைந்தது?" என்று கேட்ட பிறகுதான் படத்தையே பார்க்கிறார்கள். இது கேடான பாடம். ஒரே பெயரில் இரண்டு ஓவியர்கள் வந்து நிற்கும்போது அதன் வெறுமை வெளிப்பட்டுவிடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை வரைந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தஞ்சாவூர்ப் படம் எழுதிய ராஜு சமூகத்து ஓவியர்களும் பெரும்பாலும் கையொப்பம் இட்டதில்லை. அதனால் அந்தப் படைப்புகளின் மதிப்பு ஒரு காசும் குறையவில்லை. ஓவியன் பெயர் நம்மிடையே விலைபோகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். வரும்போதே குழப்பத்தையும் அது உடன் அழைத்து வந்தது.

கிளிமானூர் அரண்மனையில் ராஜ ராஜ வர்மா என்ற பெயரில் இரண்டு ஓவியர்கள் இருந்தார்கள். ஒருவர், ரவி வர்மாவுக்கு முதலில் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாமன். மற்றவர், ரவி வர்மாவின் தம்பி சி. ராஜ ராஜ வர்மா (1860–1905). பெயர் ஒன்று, தலைமுறையும் பயிற்சியும் வேறு. இத்தாலிய ஓவியர் கனலெட்டோவுக்கும், அதே பெயரைப் போட்டுக்கொண்டு வடக்கே ஓவியம் விற்ற மருமகன் பெலோட்டோவுக்கும் தனித்தனி நூல்கள் உண்டு. நம்மிடம் இந்தத் தம்பி இன்னும் 'உதவியாளர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்.

இது பெரிய அநீதி. பரோடா மன்னர் 1888-இல் ஒப்படைத்த 14 புராண ஓவியங்களின் வேலையில் அவர் அண்ணனுக்குத் தோள் கொடுத்தார். பல படங்களின் பின்னணி நிலக்காட்சி அவர் கை. 1895 முதல் 1904 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால் ரவி வர்மாவின் பட்டறை எப்படி நடந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. அண்ணனின் கண் பட்டிலும் நகையிலும் தங்கியது. தம்பியின் கண் தண்ணீரையும் வெளியையும் தேடிப் போனது. 1979-இல் அண்ணனின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாயின. தம்பிக்கு அந்த இடம் இல்லை.

ரவி வர்மா என்ற பெயர் அச்சகத்துக்கும் போனது. 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் கைமாறிய பின்னும் அதே பெயரில் பிறர் வரைந்த படங்களையும் அச்சிட்டது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சம்கியும் ஜரிகையும் ஒட்டிய அந்தப் படங்களைப் பார்க்கலாம். அவற்றில் சிலவற்றின் மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். கான்வாஸ் போலச் சொரசொரப்பும் ஏற்றியிருப்பார்கள். லென்ஸை வைத்து முகத்தைப் பார்த்தால் கல்லச்சின் புள்ளிகள் தெரியும். எண்ணெய் ஓவியத்தில் புள்ளி இருக்காது, தூரிகை இழுத்த தடம்தான் இருக்கும். இதற்கு நேர்மாறாக, கோவில்பட்டி கொண்டையராஜுவின் (1898–1976) நாட்காட்டிப் படங்கள் சிலவற்றில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே நிற்கிறது. பட்டறையின் உண்மையை மறைக்காத அந்த நேர்மைக்கு நம் காட்சிக்கூடங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

எனக்கு மிகப் பிடித்த காலம் சென்னைக் கலைப்பள்ளியின் பொற்காலம்; பெயர்க் குழப்பம் அங்கேயும் உண்டு. கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே ஜெயபால பணிக்கர் என்று இன்னொரு பணிக்கரும் வரைந்தார். இதைவிடச் சுவையானது வாசுதேவர்களின் கதை. மைசூரில் பிறந்து சோழமண்டலத்தில் வளர்ந்தவர் எஸ்.ஜி. வாசுதேவ். சென்னையில் படித்துவிட்டுக் கேரளத்துக்குத் திரும்பியவர் வாசுதேவன் நம்பூதிரி. இருவரும் செப்புத் தகட்டில் புடைப்பு வேலை செய்திருக்கிறார்கள். 'வாசுதேவனின் செப்புத் தகடு' என்று ஒருவர் விற்க வந்தால் பெயர் எதைத் தீர்மானிக்கும்? வாசுதேவின் உலகில் மரம் கிளைத்துக்கொண்டே போகும். நம்பூதிரியிடம் கதை நடக்கும். எம்.டி. வாசுதேவன் நாயரின் 'ரண்டாமூழம்' நாவலுக்கு அவர் போட்ட கோடுகளில் பார்த்த அதே உயரமான உடல்கள், தகட்டிலும் நீண்டு நெளியும். இவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இனிஷியல் தேவையில்லை.

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கு இப்படிப் பார்த்துப் பழகுவது புதிய வித்தையும் அல்ல. தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர், சரக்கு எந்த மண்டியிலிருந்து வந்தது என்று கேட்பதோடு நிற்பதில்லை. தோலை வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவி, உண்ணிக்கடியும் கத்திக்கீறலும் எங்கே என்று பார்த்துத்தான் தரம் சொல்வார். அதே கண்ணை ஓவியத்தின் முன்னும் திறக்க வேண்டும். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று எழுத்தில் கேட்க வேண்டும். அதே ஓவியரின் வேறு படைப்புகளோடு வைத்து ஒப்பிட வேண்டும்.

விமர்சகர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதைவிடப் பெரிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஓவியருக்கும் முழுப் படைப்புப் பட்டியல் வேண்டும்; கூட்டாக வரைந்தவற்றில் இரு பெயரும் வேண்டும். அந்த வேலையை சி. ராஜ ராஜ வர்மாவிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய நிலக்காட்சிகளை மட்டும் ஒரே கூரையின் கீழ் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினால் போதும். 'உதவியாளர்' என்று மறுபடி எழுத யாருக்கும் மனம் வராது.