சுற்றாடற் கல்வி: அகலமும் ஆழமும்

பல்கலைக்கழகங்களிற் புதிய துறையொன்று தோன்றும்போது கற்றோர் அதனை ஐயுற்று நோக்குதல் வழக்கம். சுற்றாடற் கல்வியும் அவ்வையத்துக்குத் தப்பவில்லை. இயற்கையை முழுமையாக நோக்குந் துறை இதுவே என்பர் ஒரு சாரார். பல துறைகளின் முதலதிகாரங்களைத் தொகுத்து வைத்த துறை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுள் எது பொருந்தும் என ஆராய்தல், பட்டப்படிப்புக்குத் துறை தேரும் மாணவர்க்கும் அவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

இத்துறையின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்திலுள்ள மிடில்பெரிக் கல்லூரி 1965 ஆம் ஆண்டில் இதனைப் பட்டப் பாடநெறியாகத் தொடங்கியது. 1970 ஏப்பிரல் 22 ஆம் நாள் முதலாவது புவி நாள் கொண்டாடப்பெற்ற பின்னர் வேறு பல கல்லூரிகளும் இதனை மேற்கொண்டன. 1977 இல் யுனெஸ்கோ நிறுவனம் திபிலிசி நகரிற் கூட்டிய மாநாடு, சுற்றாடற் கல்வி பல துறைகளையும் இணைத்து நிற்றல் வேண்டும் என விதந்துரைத்தது. இத்துறையின் நிறையும் குறையும் இவ்விணைப்பிலேயே பிறந்தன.

இணைப்பின் தேவையை உணர்தற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறு ஒன்றே போதிய சான்றாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரி மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடன்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கொள்கை. ஆகவே மிகுதியாக இறைத்து மேலே 1 அடி குறைப்போமாயின், கீழே உவர்நீர் 40 அடி ஏற இடமுண்டு. இதனை உணர்த்துவன புவிச்சரிதவியலும் பௌதிகவியலும்.

வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் தோட்டங்களுக்கு இடும் பசளையினின்றும், நெருங்கியமைந்த மலசலகூடக் குழிகளினின்றும் நைத்திரேற்று அவ்வெடிப்புகளூடாகவே இறங்குகின்றது. குடிநீருக்கு உலக சுகாதார தாபனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டப் பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனை அளப்பது இரசாயனவியல். பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கும் என அறிவிப்பது மருத்துவம். பசளையைக் குறைத்தால் நேரும் இழப்பை யார் தாங்குவது என வினாவுவது பொருளியல். தன் காணியில் விரும்பியவாறு இறைப்போனையும் அதனால் நீர் உவரான அயலானையும் எவ்விதி கட்டுப்படுத்தும் என ஆராய்வது சட்டம். ஒரு துறையை மட்டும் கற்றவன் விடையின் ஒரு கூற்றையே தரவல்லான்.

ஆயின், இத்துறைகள் அனைத்தின் பெயரையும் அறிந்தவன் அக்கிணற்றைக் காத்துவிடுவானா? குறை ஈண்டே தோன்றுகின்றது. ஒரு பருவத்தில் மண்ணையும் மறு பருவத்தில் சட்டத்தையும் நுனிப்புல் மேய்ந்த மாணவன், எத்தனை கிணறுகளில், மாரிக்கு முன்னோ பின்னோ நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அறியான். மாதிரி எடுப்பதிற் பிழைத்தால் நல்ல கிணறு தீயதாகவும் தீய கிணறு நல்லதாகவும் கணிக்கப்படும். பின்னதன் விளைவைக் குழந்தையே அனுபவிக்கும்.

மற்றொரு குறை, இரக்கம் அறிவின் இடத்தைப் பற்றிக்கொள்வது. இயற்கை அழிகின்றதே என வருந்தி எழுதும் கட்டுரை சிறந்த விடையாகக் கொள்ளப்படுமிடத்து மாணவன் அளவிடப் பழகான். வருத்தம் ஆய்வுக்குத் தொடக்கமாகலாம், முடிபாகாது. எவ்வளவு யூரியாவை எப்பொழுது இடுவது என்று தோட்டக்காரன் வினாவும்போது விடை கூறவல்லவனது சொல்லே ஏற்கப்படும்.

இக்குறைகளுக்கு மிடில்பெரியின் ஒழுங்கு ஒருவாறு மாற்றாகின்றது. இயற்கை விஞ்ஞானம், சுற்றாடற் கொள்கை, சுற்றாடல் வரலாறு முதலிய பொதுப் பாடங்களை அங்கு எல்லாரும் கற்பர். அவற்றுடன் ஒவ்வொருவரும் ஒரு சிறப்புப் பகுதியைத் தேர்ந்து கற்றல் வேண்டும். இறுதியில் குழுவாகக் கூடிச் சமூகத்தில் உள்ள உண்மையான பிரச்சினையொன்றில் உழைப்பர். இவ்வொழுங்கு போற்றத்தக்கதே. எனினும் அதன் பயன் சிறப்புப் பகுதியின் கனத்தைப் பொறுத்தது. சுற்றாடல் என்னும் பெயரை நீக்கினும், அம்மாணவன் இரசாயனர் நடுவே இரசாயனனாகவோ பொருளியலார் நடுவே பொருளியலானாகவோ நிற்கவல்லனாதல் வேண்டும். இதுவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

ஆதலின், இத்துறையை நாடும் மாணவர் பாடநெறியின் பெயரைக் கண்டு மயங்காது அதன் பாடத்திட்டத்தை நோக்குக. ஆய்வுகூடமும் களப்பயிற்சியும் புள்ளிவிபரவியலும் அதில் உளவா? ஒரு துறையையேனும் அடிவரை கற்க இடமுண்டா? இவை இல்லையெனின், முதற்கண் ஒரு துறையை முற்றக் கற்று, பின்னர் பட்டமேற்படிப்பிற் சுற்றாடலை நாடுவதே தக்கது. இரு சாராரும் கூறியவற்றுள் உண்மையுண்டு. இணைத்து நோக்கும் பார்வையும் ஒன்றில் ஊன்றிய அறிவும் ஒருங்கே பெற்றோர் சிலரேனும் நம் கல்லூரிகளிலிருந்து தோன்றுவாராயின், குடாநாட்டின் கிணறுகளுக்கு அதனினும் சிறந்த காவல் வேறில்லை.