குறி சொல்லாத ஆட்டம்

மெட்டல் விழாவுக்குப் போய்வந்தேன் என்று இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நம்ம உறுமி மேளம் மாதிரிதானே?" இரைச்சல், வியர்வை, தலையைச் சுழற்றும் கூட்டம். பத்துமலைப் படிக்கட்டின் அடியில் ஒருமுறையாவது நின்றவருக்கு இந்த ஒப்புமை தானாக வந்துவிடும். அதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிக்கல் என்னவென்றால், ஒப்பிட்ட கையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தெரியாத ஒரு கலைக்கு நம் வீட்டுப் பெயரை வைத்துக் கூப்பிட்டுவிட்டு, அதன் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறோம்.

நான் போனது ஜகார்த்தாவின் ஹாமர்சோனிக். 2012இல் தொடங்கிய விழா. 2023 மார்ச் 18, 19 ஆகிய இரண்டு நாளும் அஞ்சோல் கடற்கரையில் நடந்தது. 2020இல் நடந்திருக்க வேண்டியது, கோவிட் வந்து தள்ளித் தள்ளிப் போனது. ஸ்லிப்நாட்டைப் பார்ப்பதற்காக மூன்று வருடம் காத்திருந்தவர்கள் கூட்டத்தில் நிறைய பேர். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர விமானம்தான், அதனால் மலேசிய, சிங்கப்பூர் முகங்களுக்கும் குறைவில்லை. மதிய வெயிலில் எல்லாரும் கறுப்புச் சட்டை. கடற்கரை என்று பெயர், காற்று மட்டும் இல்லை.

எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்பவர்கள் நம் நாட்டு வரலாற்றைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். 2001இல் பிளாக் மெட்டல் பீதி கிளம்பியபோது கெடாவில் பள்ளி மாணவர்களைச் சோதனை போட்டார்கள். அதே ஆண்டு மெகாடெத் கச்சேரிக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவர்களுடைய மண்டையோட்டுச் சின்னம் இளைஞர்களைக் கெடுத்துவிடுமாம். 2013இல் லேம்ப் ஆஃப் காட் நிகழ்ச்சி ரத்தானது. சிங்கப்பூரிலும் 2019 மார்ச்சில் வாட்டைன் குழுவின் நிகழ்ச்சியை, மேடையேறச் சில மணி நேரமே இருக்கும்போது நிறுத்தினார்கள். இந்த வரிசையில் நம் உறுமியையும் சேர்க்கத்தான் வேண்டும். சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் நேரடி வாத்திய இசைக்கு 1973இல் தடை வந்தது. 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் வாசிக்க இடம் கொடுத்தார்கள். உறுமியும் மெட்டலும் உண்மையிலேயே சந்திக்கும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இந்தோனேசியாவை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1993இல் மெட்டாலிகா ஜகார்த்தாவில் வாசித்தபோது அரங்கத்துக்கு வெளியே கலவரம், தீவைப்பு. 2008 பிப்ரவரியில் பண்டுங்கில் ஒரு மெட்டல் கச்சேரி நெரிசலில் இளைஞர்கள் பலர் இறந்தார்கள். இங்கே பயப்படக் காரணம் உண்டு, பிணங்கள் விழுந்த காரணம். நம் ஊர்த் தடைகளுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஒரு சட்டைப் படம். ஆனாலும் விழா அங்கேதான் நடக்கிறது. (ஜோக்கோவி மெட்டல் ரசிகர் என்பது ஊரறிந்த செய்தி. 2013இல் அவர் ஜகார்த்தா ஆளுநராக இருந்தபோது மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹியோவிடமிருந்து ஒரு பேஸ் கிட்டார் வந்தது. ஊழல் தடுப்பு ஆணையத்தில் கணக்குக் காட்டி ஒப்படைத்துவிட்டார். நல்ல கிட்டார், பாவம்.)

அந்த வார இறுதி நோன்பு மாதம் தொடங்க நாலைந்து நாளே இருந்த நேரம். மஃரிப் வேளையில் மேடை அமைதியானது. ஒரு பகுதியினர் தொழப் போனார்கள், மற்றவர்கள் மண்ணில் உட்கார்ந்து பக்ஸோ சாப்பிட்டார்கள். பிறகு கிட்டார் மறுபடி அலறியது. யாரும் இதைப் பெரிய சமரசமாகவோ சாதனையாகவோ பேசவில்லை. பக்கத்தில் நின்ற முக்காடிட்ட பெண்ணின் டி-சட்டையில் கேனிபல் கார்ப்ஸ் பெயர் இருந்தது. அவள் அதற்கு விளக்கம் சொல்லவேண்டிய அவசியமும் அங்கே இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். மோஷ் பிட்டை வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. உள்ளே போனால் சட்டதிட்டம். விழுந்தவனை நான்கு கைகள் உடனே தூக்கிவிடும். கழன்ற செருப்பை ஒருவன் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பான், சொந்தக்காரன் வரும்வரை. என்னை முழங்கையால் இடித்த பையன் அடுத்த நொடி நெஞ்சில் கை வைத்து "மாஃப், பாங்" என்றான். நண்பர்கள் சொல்லும் சாமியாட்டம் இங்கேதான் எனக்கு உடைகிறது. சாமி வந்தவரிடம் ஊர் ஏதோ ஒன்றைக் கேட்கக் காத்திருக்கும். மழை வருமா, மகளுக்குக் கல்யாணம் ஆகுமா, தோட்டத்தில் யார் கண் பட்டது. ஆட்டத்தின் முடிவில் ஒரு சொல் விழவேண்டும், குறி விழவேண்டும். ஒருவர் ஆட, ஊர் கேட்கும். பிட்டில் எல்லாரும் ஆடுகிறார்கள், யாருக்கும் சொல்ல எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. உச்சம் அடங்கியதும் மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் போத்தலைக் கைமாற்றுகிறார்கள். அவ்வளவுதான். எனக்குப் பிடித்ததும் அந்த "அவ்வளவுதான்". அருளோ தீர்வோ எதிர்பார்க்காமல், கோபத்தை ஒரு மணி நேரம் உடலில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கி வைப்பது.

விழாவின் நாயகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்லிப்நாட்டில் ஒன்பது பேர், ஒன்பது முகமூடி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், எதுவும் நடக்காத ஒரு ஊரின் சலிப்பிலிருந்து கிளம்பியவர்கள். 1999இல் வந்த முதல் ஆல்பத்தில் அந்தச் சலிப்பு நிஜமான விஷமாக இருக்கும், இன்றைக்குக் கேட்டாலும் உடம்பு கூசும். டிரம்ஸ் போதாதென்று இரண்டு பேர் பீர்ப் பீப்பாய்களை அடிப்பார்கள். ஆல்பத்தில் இது பாதி கேட்காது. மேடைக்கு முன்னால் நின்றால், அந்த உலோகச் சத்தம் எலும்புக்குள் போவது தெரியும். அதை நேரில் அனுபவிப்பதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் கால் நூற்றாண்டாக அதே கோபத்தை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனால் கோபம் என்ன ஆகும்? அன்று நான் பார்த்தது நெருப்பு எந்த நொடியில் எழும், கூட்டம் எந்த நொடியில் கத்தும் என்று முன்பே அளந்து வைத்த ஒரு நாடகம். பிசிறே இல்லை. பிசிறு இல்லாத ஆத்திரத்தை எனக்கு நம்ப முடியவில்லை. சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் அழுதார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

என்னை ஆட்டியது மதிய வெயிலில் வாசித்த உள்ளூர்க் குழுக்கள். பாதிக் கூட்டம்கூட வந்திருக்காத நேரம். ஒலி சரியில்லை, கிட்டார் ஒன்று பாதியில் நின்றது. பண்டுங்கிலிருந்து வந்த ஒரு குழுவின் பாடகர் தொண்டையின் அடியாழத்திலிருந்து உறுமினார். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா நான் கேட்கும் மெட்டல் பாட்டைக் கேட்டால் "யாருடா இவன், யாரைத் திட்டுறான்?" என்பார். அதே கேள்வியை நான் பக்கத்துப் பையனிடம் கேட்டேன். அவன் உதடு எல்லாச் சொல்லையும் கூடவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆலைக்கு விற்ற வயலைப் பற்றிய பாட்டு என்றான். எப்படிப் புரிகிறது என்றேன். "முதலில் படித்துவிடுவோம்" என்றான்.

இலக்கிய வாசகர்கள் இந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன். நாம் பாட்டில் சொல் தெளிவாகக் காதில் விழவேண்டும் என்று எதிர்பார்த்துப் பழகியவர்கள். மெட்டலில் சொல் காகிதத்தில் இருக்கிறது. படித்து மனதில் ஏற்றியவனுக்குத்தான் அந்த உறுமலுக்குள் வரி கேட்கும். குரல் அங்கே பொருளைச் சுமப்பதில்லை, பொருள் எவ்வளவு கனம் என்று காட்டுகிறது. மோசமான குழுக்களிடம் இது வெறும் தொண்டை வித்தையாகிப்போகும் என்பதும் உண்மைதான். இரண்டு நாளில் அப்படியும் நிறையக் கேட்டேன்.

பண்டுங்கின் உஜுங் பெருங் பகுதிக்கு இதில் தனி இடம் உண்டு. வயல்கள் தொழிற்சாலைகளாக மாறிய கிழக்குப் புறநகர். அங்கிருந்து வந்த ஜசாத் குழு 2013இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'ரீபர்த் ஆஃப் ஜாத்திசுந்தா'. டெத் மெட்டலில் சுந்தா மொழியையே பாடுகிறார்கள். அதன் பாடகர் மான் இன்னொரு பக்கம் காரிண்டிங் என்ற பழைய மூங்கில் வாத்தியத்தை, நம் மோர்சிங் மாதிரி வாயில் வைத்து வாசிப்பதை, இளைஞர்களிடம் மறுபடி கொண்டுவந்தவர்களில் ஒருவர். அருங்காட்சியகமோ பண்பாட்டு அமைச்சோ செய்யவேண்டிய வேலையைக் கறுப்புச் சட்டைக்காரர்கள் செய்தார்கள். மரபைக் காப்பது என்றாலே பட்டுவேட்டியும் குத்துவிளக்கும் என்று வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் 1992இல் தமிழ் இளைஞர்கள் முன்னின்று தொடங்கிய ருத்ரா, இந்த வட்டாரத்தின் முக்கியமான மெட்டல் குழுக்களில் ஒன்று. 2005இல் வந்த 'பிரம்மவித்யா' இன்றும் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆல்பம். உபநிடதத்தின் சுலோகம் அந்தக் கிட்டாரோடு அவ்வளவு இயல்பாகப் பொருந்தும். ஆனால் அவர்கள் பாடியது பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தேடியது தத்துவம், தெரு அல்ல. அது அவர்கள் உரிமை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. தெருவின் கோபத்தை இங்கே ராப் எடுத்துக்கொண்டது. 2006இல் யோகி பி அன்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தபோது, தமிழ் அப்படியும் ஒலிக்கும் என்று கேட்டு நாங்கள் திகைத்தோம். ஆனால் ராப் வாய் சாமர்த்தியத்தின் கலை, பேசத் தெரிந்தவனின் கலை. தோட்டம் கைமாறி, வரிசை வீடு இடிந்து, ஊர் எல்லையில் ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் விடப்பட்ட பெரியவர் ஒருவர் அந்தச் சாமர்த்தியத்தோடு பேசமாட்டார். அவர் தொண்டையில் இருப்பது வேறு ஒலி. நம் சிறுகதைகளில் அவர் நிறையவே வந்திருக்கிறார், பெரும்பாலும் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருப்பார், எழுத்தாளர் அவருக்காக வருத்தப்படுவார். அவர் உறுமி நான் எங்கும் படித்ததில்லை.

தமிழில் அப்படி ஒரு பாட்டு வந்தால் எனக்குப் பிடிக்குமா என்று தெரியாது. றகரமும் ழகரமும் அந்த உறுமலில் என்ன ஆகும் என்றுகூட யோசித்துப் பார்த்தேன், குரலடைத்துக் கொண்டதுதான் மிச்சம். வந்தால் அந்தப் பண்டுங் பையன் செய்ததைச் செய்வேன், வரிகளை முதலில் வாங்கிப் படித்துவிட்டுப் போய் நிற்பேன்.